இடது பக்கக் கறை

வாக்குமூலத்தில் ஒரு வாக்கியம் மட்டும் பாக்கி. செவாஸ்தி அதை நாலு விதமாக எழுதிப் பார்த்து நாலையும் அழித்துவிட்டாள். ஐந்தாவது முறை எழுதியது திரையில் நின்றது: "மின்னல் விழுவதற்குப் பதினொரு நிமிடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது."

கிடைத்திருந்தது. யாருக்கு என்று அந்தச் சொல் கேட்கவில்லை. அதனாலேயே அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளோடு வேலை பார்த்த டூகல் செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவன் செத்தது நவம்பரில். மழை இறங்காமல் வானம் மட்டும் நாள் முழுக்க வீங்கிக்கொண்டிருக்கும் மாதம். டார்வினில் நல்ல புருஷன் பெண்டாட்டிகூடக் காரணமில்லாமல் சண்டை போட்டுக்கொள்ளும் மாதம். இடிமேகங்களைக் கேட்பதற்காக அடிலெய்டு ஆற்றுச் சமவெளியில் அவர்கள் நட்டு வைத்திருந்த ஏழு ஆன்டெனாக்களில் நான்காவதன் அடியில் டூகல் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டுக்கு, தலைக்கு மேலேயே திரண்ட ஒரு மேகத்திலிருந்து அன்றைய முதல் மின்னல் அங்கே இறங்கியது. அரைமணி கழித்து விழுந்த இன்னொரு மின்னல், தகரக் கொட்டகையில் இருந்த கணினியைக் கருக்கிவிட்டது. எச்சரிக்கை ஹாரன் எத்தனை மணிக்கு ஊதியது என்ற கணக்கு அதோடு போயிற்று. காங்கிரீட் குழிக்குள் புதைத்திருந்த பதிவுக் கருவி மட்டும் பிழைத்தது. மேகத்துக்குள் நடந்த ஒவ்வொரு மின்துடிப்பும் அதில் இருந்தது.

அந்தப் பதிவை வைத்துத்தான் செவாஸ்தி படம் வரைந்தாள். பதினைந்து வருஷமாக அவள் வரைந்துவந்த அதே மாதிரிப் படம். கீழே இடமிருந்து வலமாக நேரம். கீழிருந்து மேலாக அதிர்வெண். எங்கே துடிப்பு வலுவாக இருக்கிறதோ அங்கே ஆரஞ்சு நிறம் ஏறும். மேகத்துக்குள் சின்னச் சின்னத் துடிப்புகள் சீராக வருவதில்லை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெதுவாக எழுந்து அடங்கும் ஒரு பெரிய அலையில் ஏறி வருகின்றன என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. நாற்பத்து மூன்று இடிமழைகளின் படங்களிலும், முதல் மின்னல் தரையைத் தொடுவதற்கு முன்பு, அடிப்பகுதியில் ஓர் ஆரஞ்சுக் கறை இடது பக்கமாகப் படர்ந்திருந்தது. சராசரியாகப் பதினொரு நிமிடம் முன்பு. அந்தக் கறை தோன்றினால் ஹாரன் ஊத வேண்டும் என்று கொட்டகைக் கணினிக்குச் சொல்லி வைத்தாள். அடுத்த மழைக்காலத்துக்குள் பள்ளிக்கூட மைதானங்களில் அதே ஹாரனை வைப்பதாகப் பேச்சு இருந்தது.

டூகல் செத்த நாளின் படத்திலும் கறை இருந்தது. மூன்று நாற்பத்தொன்றுக்கு.

நான்காவது ஆன்டெனாவிலிருந்து அவன் வண்டி நின்ற இடம் நூற்றைம்பது தப்படி. பதினொரு நிமிடத்தில் அவன் நடந்து போய், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு சிகரெட்டைச் சுருட்டி முடித்திருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. காலையில் எழுந்ததும் அந்தக் கோபம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். இருந்தால் அன்றைய நாளைத் தள்ளிவிடலாம்.

தொலைபேசி அடித்தது. வேலையிடத்துச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி ஹாஸ்லம்.

"டாக்டர் க்ளோனாரிஸ், வாக்குமூலம் இன்னிக்கு வந்துடுமில்ல? திங்கக்கிழமை கோர்ட்டு."

"ஒரு வரிதான் பாக்கி."

"நல்லது. இன்னொரு சின்ன விஷயம். பக்கத்து எருமைப் பண்ணையில கிளாரின்னு ஒரு ஆள். அன்னிக்கு வேலிக்கு ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தவன். போலீஸ்கிட்ட முதல் நாள் என்ன சொல்லியிருக்கான்னா, முதல்ல இடி, அப்புறம் ஹாரன். போன வாரம் நான் போய்க் கேட்டேன், மாத்திட்டான். ஹாரன்தான் முதல்ல போலிருக்குங்கிறான்."

"ஏன் மாத்தினான்?"

"நீங்க குடுத்த பதினோரு நிமிஷத்தைச் சொன்னேன். தலையைச் சொறிஞ்சான். 'கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் எருமை மேய்க்கிறவன்'னான்." ஹாஸ்லம் சிரித்தார். "ரெண்டு வாக்குமூலமும் ஃபைல்ல இருக்கு, பார்க்க அசிங்கமா இருக்கு. அந்த ஆள் குழம்பியிருக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சேர்த்துட்டா தேவலை."

"பார்க்கிறேன்."

போனை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. ஏசி லொடலொடத்தது. சுவரில் ஒரு பல்லி, பூச்சியைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது.

முதலில் இடி, அப்புறம் ஹாரன்.

இதை அவள் கேட்பது முதல் தடவை இல்லை.

கைப்பேசியை எடுத்து மேலே மேலே தள்ளினாள். சாவதற்கு மூன்று நாள் முன்பு டூகல் அனுப்பியது அங்கேதான் இருந்தது. அவனுடைய கைப்பேசி அவன் சட்டைப் பையிலேயே உருகிவிட்டது. ஆகவே உலகத்தில் இந்தச் செய்தி இருக்கும் இடம் இது ஒன்றுதான் என்பது அவளுக்கு ஏழு வாரமாகத் தெரியும். தெரிந்தும் அழிக்கவில்லை. யாரும் கேட்காததால் யாருக்கும் காட்டவும் இல்லை.

"டாக்டரம்மா, உன் ஹாரன் சரியான சோம்பேறி. இன்னிக்கும் இடி இடிச்சப்புறம்தான் முழிச்சுக்கிட்டுக் கத்துது. விடிஞ்சப்புறம் கூவுற சேவல். குழம்புல போட்டுடவா?"

கீழே அவள் பதில்: "நாலாவது கேபிளைக் கறையான் தின்னிருக்கும். சிக்னல் வீக்கா வருது. போய்ப் பாரு. சேவலைத் தொடாதே."

அவன் போய்ப் பார்த்தான். வியாழக்கிழமை, நாலாவது கேபிளை.

அவனை அங்கே அனுப்பியது தான் என்பதை செவாஸ்தி ஒருநாளும் மறக்கவில்லை. மறக்காமலே வாழ முடிந்ததற்குக் காரணம் அந்தப் பதினொரு நிமிடம். அனுப்பினேன், ஆனால் எச்சரிக்கையும் அனுப்பினேன். அவன்தான் கேட்கவில்லை. ஹாஸ்லமுக்கோ கோர்ட்டுக்கோ தேவைப்பட்டதைவிட அந்தப் பதினொரு நிமிடம் தனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது என்பதை, பல்லியைப் பார்த்துக்கொண்டே, முதன்முதலாக ஒப்புக்கொண்டாள்.

கொட்டகைச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். 'ஹாரன் ஊதினால்: பதினொரு நிமிடம். வண்டிக்குள் போ.' அவள் கையெழுத்து. அதை மாட்டிய அன்று டூகல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தான்.

"பதினோரு நிமிஷமா? பீர் ஒண்ணு திறந்து, குடிச்சு, இன்னொண்ணு திறக்கலாம்."

"விளையாடாதே டூகல். ஊதின உடனே போகணும்."

"உடனேன்னா உடனே. உன் பேச்சை நான் எப்ப மீறியிருக்கேன் மகாராணி? என் பெண்டாட்டி பேச்சைத்தான் மீறுவேன்."

அவன் பேச்சை மீறுகிறவன் இல்லை. அதுதான் உண்மை. ஏணியில் ஏறினால் ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைப் பூட்டுவான். பாம்புக்கடிக் கட்டு இல்லாமல் புல்லுக்குள் கால் வைக்க மாட்டான். பன்னிரண்டு வருஷம் கூட வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? இருந்தும் அவன் சாவுக்கு மறுநாள் படத்தில் கறையைப் பார்த்ததும், அந்தப் பன்னிரண்டு வருஷத்து டூகலை நம்பாமல் படத்தை நம்பினாள். எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவி நோலீனும்தான்.

அடக்கம் முடிந்து, வெளியே மரத்தடியில் எல்லோரும் வேர்த்துக்கொண்டு நின்றபோது, நோலீன் நேராக அவளிடம் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஹாரன் அடிச்சுதா?"

"அடிச்சுது, நோலீன். பதினோரு நிமிஷம் முன்னாடியே."

"அப்ப அவன் ஏன் ஓடலை?"

செவாஸ்தி மரத்தடி மண்ணைப் பார்த்தாள். நோலீன் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஏதோ ஒன்று சரியாகப் பொருந்திவிட்டதுபோல் தலையசைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் டூகல் மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை; மாத்திரை சாப்பிட்டான்; படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அது அவர்கள் மூவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஒரு மாதம் கழித்து, நோலீன் அவன் படங்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கிவிட்டாளாம் என்று யாரோ சொன்னார்கள். 'அவன் நின்னுதான் வாங்கிக்கிட்டான்' என்று தன் அக்காவிடம் சொன்னாளாம்.

செவாஸ்தி திரையில் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, பழைய பதிவைத் திறந்தாள்.

ஒரு துடிப்பின் அதிர்வெண்ணைத் துல்லியமாக அறிய வேண்டுமானால் அதை நீண்ட நேரம் கேட்க வேண்டும். நீண்ட நேரம் கேட்டால், அது எந்தக் கணத்தில் நடந்தது என்பது கரைந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. மெதுவான அலையைப் பிடிக்க, ஒவ்வொரு கணத்தையும் அதைச் சுற்றியுள்ள நேரத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஓர் அகலமான ஜன்னல் வேண்டும்: இந்தப் பக்கம் இத்தனை நிமிடம், அந்தப் பக்கம் இத்தனை நிமிடம். அந்தப் பக்கம் என்பது அடுத்து வரப்போகும் நிமிடங்கள். முடிந்துபோன மழையின் பதிவில் அடுத்த நிமிடங்களும் இருக்கும். கொட்டகைக் கணினிக்கு அவை இருக்காது.

இதை அவள் அறியாதவள் இல்லை. அறிந்ததைத் தன் படத்தின் மேல் வைத்துப் பார்க்காதவள்.

முதலில் டூகல் செத்த நாளின் பதிவை மூன்று ஐம்பத்தொன்றோடு வெட்டினாள். அதற்குப் பிறகு உலகமே இல்லை என்பதுபோல். இப்போது வரை என்ன தெரிந்ததோ அதை மட்டும் வைத்து வரை என்று சொன்னாள். கொட்டகைக் கணினி அன்றைக்குப் பார்த்தது இதைத்தான்.

படம் வந்தது. கறுப்பு. அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் நீலம். ஆரஞ்சு எங்கேயும் இல்லை.

பதிவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். மின்னலையும் சேர்த்து, அதற்குப் பின் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஹாரன் ஊத வேண்டிய அளவைக் கறை தொட்டது மூன்று ஐம்பத்து நாலுக்கு. டூகல் விழுந்து இரண்டு நிமிடம் கழித்து.

கிளாரி குழம்பவில்லை.

பிறகு அவள் செய்ததை, செய்யாமலே எழுந்து போயிருக்கலாம் என்று பல நாள் கழித்து நினைத்துக்கொண்டாள். ஒரு முழு நாளின் வெற்றுப் பதிவை உண்டாக்கினாள். மேகம் இல்லை, துடிப்பு இல்லை, ஒவ்வொரு கணத்திலும் பூஜ்யம். அதில் மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரே ஒரு கோட்டைச் செங்குத்தாக நட்டாள். ஒரே ஒரு மின்னல், வானமே இல்லாத ஒரு வானத்தில். அதைப் பழைய முறைப்படி வரையச் சொன்னாள்.

கறை வந்தது. கோட்டுக்கு வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே மாதிரி, கூடாரம் விரித்ததுபோல், அடியில் அகலமாக. அம்புக்குறியை இடது விளிம்பில் வைத்தாள். மூன்று நாற்பத்தொன்று.

பதினொரு நிமிடம் மேகத்தினுடையது அல்ல. அவளுடைய ஜன்னலின் அகலம்.

நாற்பத்து மூன்று மழைகளையும் ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தாள். அதற்குள் மதியம் போயிற்று. ஒன்பதில் மட்டும் மின்னலுக்கு முன்பே ஏதோ தெரிந்தது. அந்த ஒன்பதும் தூரத்தில் மின்னிக்கொண்டே வந்த மழைகள். கண் இருக்கும் யாருக்கும் தெரிந்திருக்கும். மற்ற முப்பத்து நாலிலும், விழுந்த மின்னல்தான் தனக்கு முன்னால் தன் நிழலை விரித்திருந்தது. அவள் கட்டுரையை நாலு பெரிய ஆட்கள் படித்து ஒப்புதல் தந்திருந்தார்கள். நாலு பேரும் படத்தைப் பார்த்திருப்பார்கள். படம் அழகாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, துறைத் தலைவர் ரோவனுக்குப் போன் செய்தாள். அவர் மெல்போர்னில், லீவில் இருந்தார். பின்னால் குழந்தைகள் நீச்சல் குளத்தில் குதிக்கும் சத்தம் கேட்டது. அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"கசிவு," என்றார் கடைசியில். "பின்னால நடந்தது முன்னால கசிஞ்சிருக்கு. எல்லாரும் எப்பவாவது பண்ற தப்புதான் செவ். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம், பள்ளிக்கூட வேலையை நிறுத்திடலாம். அதுக்கெல்லாம் நேரம் இருக்கு."

"திங்கக்கிழமை கோர்ட்டு."

"கோர்ட்டுல போய்க் கணக்குப் பாடம் எடுக்கப் போறியா? நேரத்துல நிச்சயமின்மை உண்டுன்னு ஒரு வரி சேரு. அது பொய்யா?"

"பொய் இல்லை."

"பதினொண்ணு, கூட்டல் கழித்தல் பதினொண்ணு." அவரே சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருந்தியவர்போல் தொண்டையைக் கனைத்தார். "டூகலை இனி யாரும் எழுப்ப முடியாது. நீ இன்னும் இருபது வருஷம் வேலை பார்க்கணும். யோசி."

யோசித்தாள். அந்த ஒரு வரி எவ்வளவு நல்ல வரி என்று யோசித்தாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது. ஹாஸ்லமின் ஃபைல் அழகாக இருக்கும். கிளாரி எருமை மேய்க்கிறவனாகவே இருப்பான். நோலீன் ஒவ்வொரு ராத்திரியும், பதினொரு நிமிடம் வானத்தைப் பார்த்து நின்ற ஒரு புருஷனோடு படுப்பாள். சிறு வயதில் அம்மா அடித்த அடி ஒன்று செவாஸ்திக்கு நினைவு வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டு, 'உடைஞ்சுடுச்சு' என்று சொன்னதற்கு விழுந்த அடி. உடைத்ததற்கு இல்லை. 'உடைச்சேன்னு சொல்லுடி, உடைஞ்சுடுச்சாம்!'

கிடைத்திருந்தது என்ற சொல்லை அழித்தாள். கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நோலீனின் வீடு நைட்கிளிஃப் பக்கம், தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய பழைய வீடு. கீழே டூகலின் படகு தார்ப்பாய்க்குள் கிடந்தது. மழை சாய்வாக அடித்தது. மாமரத்தடியில் வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் அழுகி நாறின. படியேறி வலைக்கதவைத் தட்டியதும், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"திறந்துதான் இருக்கு. மதச் சமாச்சாரம்னா அப்படியே திரும்பிப் போயிடு."

"நான்தான். செவாஸ்தி."

"நீயும் ஒருவிதத்துல மதம்தான். வா."

நோலீன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுடைய துணி. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளின் கை, ஒவ்வொரு மடிப்பையும் அளந்து வைத்தது. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெளுத்த கட்டங்களாகத் தெரிந்தன.

"டீ வேணும்னா நீயே போட்டுக்க. நான் உபசாரம் பண்றதை நிறுத்திட்டேன்."

"வேணாம். நோலீன், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் உன்கிட்ட ஒண்ணு காட்டணும். நல்லவேளை வந்தே." எழுந்து, நாட்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து வந்தாள். "திங்கக்கிழமை என்கிட்டயும் கேப்பாங்களாம். அவன் மனநிலை எப்படி இருந்துச்சுன்னு. எழுதி வெச்சிருக்கேன். நீ விஞ்ஞானி, தேதி வாரியா இருக்கான்னு பாரு."

செவாஸ்தி தாளை வாங்கினாள். நர்ஸின் சுத்தமான கையெழுத்து.

அக்டோபர் இருபது: நாலு வருஷமாகப் பேசாத தம்பிக்குப் போன் செய்தான். அக்டோபர் இருபத்தெட்டு: பக்கத்து வீட்டுக்காரனுக்கு நல்ல தூண்டில் ஒன்றைச் சும்மா கொடுத்தான். நவம்பர் இரண்டு: மூன்று வருஷமாகக் கிழிந்திருந்த சமையலறைக் கொசுவலையைச் சொல்லாமலே சரிசெய்தான். நவம்பர் ஏழு: காலையில் போகும்போது திரும்பி வந்து என் தலையில் முத்தம் கொடுத்தான். நவம்பர் ஒன்பது, வியாழன்: தொப்பியை எடுக்கவில்லை.

தாளின் கீழ்ப்பகுதிக்கு வர வர எழுத்து சிறிதாகி, நெருக்கமாகி இருந்தது.

"எல்லாம் முன்னாடியே இருந்துச்சு," என்றாள் நோலீன். "முப்பது வருஷம் நோயாளிங்களைப் பார்த்தவ. வீட்டுல இருந்தவனைப் பார்க்கலை. அறிகுறி ஒவ்வொண்ணா வந்து நின்னிருக்கு, நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

செவாஸ்திக்குத் தாள் கையில் கனத்தது. வியாழக்கிழமை மதியம் மூன்று ஐம்பத்திரண்டிலிருந்து இடது பக்கமாக, மூன்று வாரம் வரை படர்ந்திருந்தது அந்தக் கறை.

"ஹாரன் அடிக்கலை நோலீன்."

"என்ன?"

"மின்னலுக்கு முன்னாடி அடிக்கலை. அப்புறம்தான் அடிச்சுது. ரெண்டு நிமிஷம் கழிச்சு. பதினோரு நிமிஷம்னு நான் சொன்னது தப்பு. என் கணக்குல தப்பு. அவனுக்கு எச்சரிக்கையே வரலை."

நோலீன் கையில் இருந்த தலையணை உறையை மடித்தாள். பாதியாக, கால்வாசியாக. மேஜைமேல் வைத்தாள். "திரும்பச் சொல்லு."

செவாஸ்தி திரும்பச் சொன்னாள். வெற்றுப் பதிவைப் பற்றி, அதில் நட்ட ஒரே கோட்டைப் பற்றி, அதற்கு முன்னாலும் பின்னாலும் விரிந்த கறையைப் பற்றி. தொழில் வார்த்தைகளைத் தவிர்த்துச் சொல்லச் சொல்ல, எல்லாம் எவ்வளவு சின்னத் தப்பு என்று அவள் காதுக்கே கேட்டது. ஜன்னல் அகலம். அவ்வளவுதான்.

"ஏழு வாரம்," என்றாள் நோலீன். "ஏழு வாரம் நான் அவனோட படுக்கையில அவனைத் திட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"இன்னும் என்னடி இருக்கு?"

கைப்பேசியை எடுத்து நீட்டினாள். நோலீன் வாங்கவில்லை. "எனக்குக் கண்ணாடி வேணும். நீயே படி."

படித்தாள். டாக்டரம்மா, உன் ஹாரன் சரியான சோம்பேறி. விடிஞ்சப்புறம் கூவுற சேவல். குழம்புல போட்டுடவா. பிறகு தன் பதிலையும் படித்தாள். நாலாவது கேபிள். போய்ப் பாரு. குரல் நடுங்காமல் படிக்க முடிந்தது அவளுக்கே வெறுப்பாக இருந்தது.

"அவனுது மட்டும் திரும்பப் படி."

படித்தாள்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை படிக்கும்போது நோலீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "சேவல்," என்றாள். "என் மாமியார் வீட்டுச் சேவல். மத்தியானம்தான் கூவும். எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்லுவான்." பிறகு கண்ணைத் திறந்தாள். "அவன் உன்கிட்ட சொல்லியிருக்கான்."

"சொன்னான்."

"படிக்காதவன். உன் ஆன்டெனாவுல ஆணி முடுக்குறவன். உன் மெஷின் கெட்டுப்போயிருக்குன்னு அவன் உன்கிட்ட சொல்லியிருக்கான், நீ அவனைக் கறையான் பார்க்க அனுப்பியிருக்கே."

"ஆமா."

மழைச் சத்தம் தகரக் கூரையில் கூடியது. நோலீன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிழிப்பாள் என்று செவாஸ்தி எதிர்பார்த்தாள். கிழிக்கவில்லை. விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தாள்.

"அப்ப இதெல்லாம் என்ன? தம்பிக்கு ஏன் போன் பண்ணினான்?"

"தெரியலை. பண்ணணும்னு தோணியிருக்கும்."

"தொப்பி?"

"மறந்திருப்பான்."

"மறந்திருப்பான்," என்றாள் நோலீன், அந்தச் சொல்லின் எடையைச் சோதிப்பவள்போல். "நீ சொன்னதைக் கேட்டுத்தான் இதையெல்லாம் எழுதினேன். இப்ப இல்லைங்கிறே. ஆனா எழுதினது எழுதினதுதான். இனிமே அவன் குடுத்த முத்தத்தை நான் எந்தக் கணக்குல வெச்சுக்கறது? சொல்லு, நீதானே கணக்குப் போடறவ."

மன்னிச்சுடு என்று சொல்லத்தான் செவாஸ்தி வாயெடுத்தாள். அதைச் சொன்னால் நோலீன் அதற்கும் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றியது. சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை கோர்ட்டுல இதைப் படிப்பியா?"

"படிப்பேன்."

"உன்னுதையும்?"

"என்னுதையும்."

"அப்புறம் உனக்கு வேலை இருக்குமா?"

"தெரியாது."

"நான் முதல் வரிசையில உக்காந்திருப்பேன். நீ படிக்கும்போது என்னைப் பார்க்காதே." எழுந்து நின்றாள். "அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வராதே. கோபத்துல சொல்லலை. கோபம் இனிமேதான் வரும். அவன்மேல இருந்ததையெல்லாம் உன் பக்கம் திருப்பணும், அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

செவாஸ்தி வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. வலைக்குப் பின்னால் நோலீனின் முகம் தெரியவில்லை, உருவம் மட்டும் நின்றது.

"செவ்."

"ம்."

"அப்ப அவனுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"தெரியாது."

"ஒரு நிமிஷம் முன்னாடிகூட?"

"இல்லை. கேபிளைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பான். அவ்வளவுதான்."

உருவம் கதவை விட்டு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. முழு வேகத்தில் திறந்த குழாய். பாத்திரம் எதுவும் அதன் அடியில் வைக்கப்படவில்லை. தண்ணீர் வெறும் தொட்டியில் விழும் சத்தம் அது. செவாஸ்தி படியில் மழைக்குள் நின்று, யாராவது அதை மூடுவார்கள் என்று காத்திருந்தாள். மூடவில்லை. தண்ணீரின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. அதைப் பிரித்துக் கேட்க அவள் முயலவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.